இதய நோயுள்ள குழந்தைகளில் ஊட்டச்சத்துக் குறைபாட்டு இடர் கண்டறிதல்

ஊட்டச்சத்துக் குறைபாட்டு இடர் கண்டறிதல் என்பது, மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே சத்துக்குறைவு உள்ளதா, அல்லது மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அது ஏற்படக்கூடுமா என்பதைச் சில நிமிடங்களில் அறிய உதவும் முதல்நிலைச் சோதனை ஆகும். மருத்துவமனைகளில் இது ஸ்கிரீனிங் என்ற பெயரிலேயே வழங்குகிறது. பொதுவாகக் குழந்தை சேர்க்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் செவிலியரோ மருத்துவரோ இதைச் செய்வர். பிறகு வாரம் ஒரு முறை மீண்டும் செய்வர்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பயன்படும் என்றாலும், பிறவி இதய நோயுள்ள குழந்தைகளுக்கு இதன் தேவை கூடுதலானது. உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இதயத்தின் அமைப்பில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. அவர்களில் பலருக்கு எடை ஏறுவதில்லை. எடை குறைந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் நோய்த்தொற்று, புண் ஆறுவதில் தாமதம், செயற்கைச் சுவாசக் கருவியில் கூடுதல் நாட்கள் ஆகிய சிக்கல்கள் வரும் வாய்ப்பு அதிகம்.

இடர் கண்டறிதலும் முழு மதிப்பீடும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது வழக்கமான தவறு. இடர் கண்டறிதல் ஒரு சல்லடை போன்றது. யாரை உடனே கவனிக்க வேண்டும், யாரைப் பொறுத்துப் பார்க்கலாம் என்று பிரித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. அதற்கு இரத்தப் பரிசோதனையோ நீண்ட கணக்கோ தேவையில்லை.

முழு மதிப்பீடு அடுத்த கட்டம். இதில் உணவியல் வல்லுநர் குழந்தையின் உணவு வரலாற்றைக் கேட்பார். உடல் அளவுகளை எடுத்து வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பார். தேவையான ஆய்வக முடிவுகளைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றலும் புரதமும் தேவை என்று கணக்கிடுவார். சல்லடையில் தங்கிய குழந்தைகளுக்கே இது முதலில் செய்யப்படுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் முழு மதிப்பீடு செய்யும் அளவுக்கு உணவியல் வல்லுநர்கள் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை என்பதே சல்லடைக்கான தேவை.

இதய நோயில் எடை ஏறாததற்கான காரணங்கள்

குழந்தை நன்றாகச் சாப்பிட்டால் எடை ஏறும் என்பது பொது விதி. இதய நோயில் அந்த விதி பல இடங்களில் தடைபடுகிறது.

• உட்கொள்ளும் அளவு குறைதல்: கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரிய உடற்பயிற்சி. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். இதயம் தளர்ந்த குழந்தைக்குப் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும். சிறிது குடித்துவிட்டு ஓய்வெடுக்கும், பிறகு அசந்து தூங்கிவிடும். அரை மணிக்குள் மீண்டும் பசித்து அழும்.

• ஆற்றல் செலவு கூடுதல்: வேகமாகத் துடிக்கும் இதயமும் வேகமாக இயங்கும் மூச்சுத் தசைகளும் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகின்றன. வளர்ச்சிக்குச் சேரவேண்டியது இதற்கே போய்விடுகிறது.

• உறிஞ்சப்படுதல் குறைதல்: இதயச் செயலிழப்பில் குடல் சுவரில் நீர் கோத்துக்கொள்ளலாம். கல்லீரல் வீங்கி இரைப்பையை அழுத்தலாம். இதனால் சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு தோன்றும். உண்டதும் முழுமையாகச் சேராது.

• சிகிச்சையால் வரும் தடை: நீர்மத்தின் அளவைக் குறைக்கச் சொல்லும்போது பாலின் அளவும் குறைகிறது. சோதனைகளுக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கும் நேரமும் சேர்ந்துகொள்கிறது.

• உடன் வரும் நிலைகள்: அடிக்கடி வரும் சளி, நிமோனியா, டவுன் நோய்த்தொகை போன்ற மரபணு நிலைகள், குறைமாதப் பிறப்பு ஆகியவையும் எடையைப் பாதிக்கும்.

இதயக் குறையின் வகையைப் பொறுத்துப் பாதிப்பின் வடிவமும் மாறும். கீழறைகளுக்கு இடையிலான சுவரில் பெரிய துளை, பிறந்த பின்னும் மூடாத நாளத்தமனி ஆகியவற்றில் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி இரத்தம் பாய்கிறது. இக்குழந்தைகளில் முதலில் எடைதான் குறையும். உயரம் ஓரளவு தப்பும். ஃபாலோ நான்கமைக் குறைபாடு போன்ற, உடல் நீலம் பாயும் நோய்களில் திசுக்களுக்கு உயிர்வளி நீண்டகாலம் குறைவாகக் கிடைப்பதால் எடை, உயரம் இரண்டும் பின்தங்கக்கூடும்.

ஒரு சிறு கணக்கு

நீர்மக் கட்டுப்பாட்டின் விளைவை ஒரு கணக்கால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இதய நோயுள்ள கைக்குழந்தைக்கு எடை ஏற, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 முதல் 150 கிலோகலோரி தேவைப்படலாம். குழந்தையின் எடை 4 கிலோகிராம் என்று கொள்வோம். குறைந்த அளவான 120ஐ எடுத்தால் தேவை 4 × 120 = 480 கிலோகலோரி.

தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 67 கிலோகலோரி உள்ளது. எனவே 480 கிலோகலோரி பெற ஏறக்குறைய 716 மில்லிலிட்டர் பால் வேண்டும். மருத்துவர் கிலோவுக்கு 120 மில்லிலிட்டர் என்று நீர்மத்தைக் கட்டுப்படுத்தியிருந்தால் குழந்தைக்குக் கொடுக்கக்கூடியது 480 மில்லிலிட்டர் மட்டுமே. அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 322 கிலோகலோரி. தேவையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தாய் எவ்வளவு பொறுமையாகப் பால் கொடுத்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது. குழந்தை தேறாததற்குத் தாயின் கவனக்குறைவே காரணம் என்று உற்றார் கூறும் பழி இத்தகைய இடங்களில் சற்றும் பொருந்தாது.

பயன்படும் அளவீடுகள்

உலக சுகாதார அமைப்பு 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சித் தரநிலைகள் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுகின்றன. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து இவை உருவாக்கப்பட்டன. ஒரு குழந்தையின் அளவு நடுமதிப்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை இசட் மதிப்பெண் காட்டுகிறது. −2க்குக் கீழே சென்றால் குறைபாடு. −3க்குக் கீழே சென்றால் கடுமையான குறைபாடு.

• வயதுக்கேற்ற எடை: எளிதில் எடுக்கக்கூடியது. ஆனால் குறைவு அண்மையில் வந்ததா, நெடுநாளாக உள்ளதா என்று பிரித்துக் காட்டாது.

• உயரத்துக்கேற்ற எடை: அண்மைக்கால மெலிவைக் காட்டும்.

• வயதுக்கேற்ற உயரம்: நீண்டகாலச் சத்துக்குறைவால் வரும் வளர்ச்சித் தடையைக் காட்டும்.

• மேற்கையின் நடுச்சுற்றளவு: 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு, 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான மெலிவு. ஒரு நாடா மட்டும் போதும்.

அளவெடுக்கும் முறை தவறினால் முடிவும் தவறும். கைக்குழந்தையை ஆடையின்றி நிறுக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்டவர்களைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்டவர்களை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். படுத்த நிலையில் எடுத்த நீளம், நின்ற நிலையில் எடுத்த உயரத்தைவிட ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை திருத்திய வயதைக் கொண்டு பார்க்க வேண்டும்.

இடர் கண்டறியும் கருவிகள்

இங்கு கருவி என்பது இயந்திரம் அன்று. சில கேள்விகளும் அவற்றுக்கான மதிப்பெண்களும் கொண்ட படிவமே கருவி எனப்படுகிறது.

ஸ்ட்ராங்கிட்ஸ்: நெதர்லாந்தில் உருவானது. அந்நாட்டின் 44 மருத்துவமனைகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2010 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படும். இதில் நான்கு கேள்விகள் உள்ளன.

1. பார்த்தவுடன் குழந்தை மெலிந்து தெரிகிறதா? தோலடிக் கொழுப்பு, தசை குறைந்துள்ளதா, முகம் ஒட்டியுள்ளதா? ஆம் எனில் 1 மதிப்பெண்.
2. சத்துக்குறைவை ஏற்படுத்தக்கூடிய நோய் உள்ளதா, அல்லது பெரிய அறுவை சிகிச்சை நடக்கவுள்ளதா? ஆம் எனில் 2 மதிப்பெண்கள். நாட்பட்ட இதய நோய் இந்தப் பட்டியலில் உள்ளது.
3. கடந்த சில நாட்களில் உணவு குறைந்துள்ளதா? கடும் வயிற்றுப்போக்கு, வாந்தி உண்டா? வலியால் உண்ண இயலவில்லையா? ஏற்கெனவே சத்துணவு ஆலோசனை தரப்பட்டுள்ளதா? ஏதேனும் ஒன்று ஆம் எனில் 1 மதிப்பெண்.
4. கடந்த சில வாரங்களில் அல்லது மாதங்களில் எடை குறைந்துள்ளதா? ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை எனில் எடை ஏறாமல் உள்ளதா? ஆம் எனில் 1 மதிப்பெண்.

மொத்தம் 0 எனில் இடர் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 4 அல்லது 5 எனில் இடர் அதிகம்.

ஸ்டாம்ப்: இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவானது. 2 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கானது. நோயின் தன்மை, உணவு உட்கொள்ளல், எடையும் உயரமும் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தரப்படும். 4 அல்லது அதற்கு மேல் எனில் இடர் அதிகம். இதய நோய்க்கு 2 மதிப்பெண்களும் பெரிய அறுவை சிகிச்சைக்கு 3 மதிப்பெண்களும் உண்டு.

பிம்ஸ்: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், யார்க்ஹில் குழந்தைகள் மருத்துவமனையில் உருவானது. 1 முதல் 16 வயது வரைக்கானது. உடல் நிறை குறியீட்டெண், எடை இழப்பு, உணவு குறைதல், நோயால் வரும் விளைவு ஆகிய நான்கையும் பார்க்கிறது. 2 அல்லது அதற்கு மேல் எனில் இடர் அதிகம்.

பெரிய இதயக் குறைகள் பல, முதல் ஆண்டிலேயே மருத்துவமனைக்கு வந்துவிடுகின்றன. அந்த வயதில் பிம்ஸ், ஸ்டாம்ப் இரண்டும் பொருந்தா. ஸ்ட்ராங்கிட்ஸ் பொருந்தும், ஆனால் முதல் மாதக் குழந்தைகள் அதற்கும் வெளியே நிற்கிறார்கள். பிறந்த சில நாட்களிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படும் அவர்களைத் தொடக்கத்திலிருந்தே அதிக இடர் உள்ளவர்களாகக் கொள்வதே பாதுகாப்பானது.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

பின்வருவன விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

முதல் குழந்தை: 6 மாத ஆண் குழந்தை; கீழறை இடைச்சுவரில் பெரிய துளை. பிறப்பு எடை 2.9 கிலோ, இப்போது 5.5 கிலோ. நீளம் 65 சென்டிமீட்டர். தரநிலைப்படி 6 மாத ஆண் குழந்தையின் நடுமதிப்பு எடை 7.9 கிலோ, −3 எல்லை 5.7 கிலோ. எனவே இது கடுமையான எடைக்குறைவு. நீளமோ −2 எல்லையான 63.3 சென்டிமீட்டருக்கு மேலேயே உள்ளது. எடை குறைந்து உயரம் தப்பிய, முன்னே கூறிய வடிவம் இதுவே. முகம் ஒட்டியுள்ளது, பால் குடிப்பது குறைந்துள்ளது, ஒரு மாதமாக எடை ஏறவில்லை. ஸ்ட்ராங்கிட்ஸ் மதிப்பெண் 1 + 2 + 1 + 1 = 5. இடர் அதிகம் என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் குழந்தை: 4 வயதுப் பெண் குழந்தை, இதயத் தசை தளர்ந்த நோய். எடை 14.5 கிலோ. இந்த வயதின் நடுமதிப்பு 16.1 கிலோ, −2 எல்லை 12.3 கிலோ. எனவே எடை இயல்பு எல்லைக்குள் உள்ளது. போன வாரத்தைவிட 800 கிராம் கூடியும் இருக்கிறது. எடைக் குறிப்பை மட்டும் பார்ப்பவர் குழந்தை தேறுகிறது என்றே எழுதுவார். ஆனால் காலில் வீக்கம், வயிற்றில் உப்பல். மேற்கைச் சுற்றளவு 12.2 சென்டிமீட்டர். பத்து நாட்களாகச் சோறு பாதிதான் இறங்குகிறது என்று தாய் சொல்கிறார். கூடிய எடை சதையன்று, நீர். ஸ்ட்ராங்கிட்ஸ் மதிப்பெண்: மெலிவுக்கு 1, நோய்க்கு 2, உணவுக் குறைவுக்கு 1, எடை குறையாததால் நான்காம் கேள்விக்கு 0. மொத்தம் 4. இவருக்கும் இடர் அதிகமே.

முதல் குழந்தையை யாரும் தவறவிட மாட்டார்கள். இரண்டாம் குழந்தையைக் காப்பாற்றுவது தாயிடம் கேட்ட கேள்வியும் கையைச் சுற்றிய நாடாவும்தான்.

இதயப் பிரிவில் எழும் சிக்கல்கள்

• வீக்கம் எடையை மறைக்கும். மாறாக, சிறுநீர்ப்பெருக்கி மருந்து கொடுத்ததும் ஓரிரு நாட்களில் எடை வேகமாகக் குறையலாம். அது நீர் வடிந்ததால் வந்த குறைவு. சத்து இழப்பு அன்று. ஆகவே எடையை வீக்கம், மருந்து, சிறுநீரின் அளவு ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

• ஸ்ட்ராங்கிட்ஸ் கருவியில் நாட்பட்ட இதய நோய்க்கே 2 மதிப்பெண்கள் உள்ளதால், அப்பிரிவில் உள்ள எல்லாக் குழந்தைகளும் குறைந்தது நடுத்தர இடரில் வந்துவிடுவர். இடர் இல்லாதவர் என்று யாரும் மிஞ்சுவதில்லை. நடுத்தரத்துக்கும் அதிகத்துக்கும் இடையிலான எல்லைதான் அங்கே பயனுள்ள எல்லை. அதைத் தீர்மானிப்பவை மற்ற மூன்று கேள்விகள்.

• குழந்தை மெலிந்துள்ளதா என்ற கேள்வி பார்ப்பவரின் பழக்கத்தைச் சார்ந்தது. மெலிந்த குழந்தைகளையே நாள்தோறும் பார்ப்பவருக்கு மெலிவு இயல்பாகத் தோன்றிவிடும்.

• இரத்தத்தில் உள்ள அல்புமின் அளவை மட்டும் வைத்துச் சத்துக்குறைவைக் கூற இயலாது. அழற்சி, நோய்த்தொற்று, நீர்க்கோர்வை ஆகியவற்றிலும் அது குறையும்.

இடர் தெரிந்த பின்

மதிப்பெண்ணைக் குறித்து வைப்பதோடு நின்றுவிட்டால் சோதனையால் பயனில்லை. ஸ்ட்ராங்கிட்ஸ் முறைப்படி, இடர் அதிகமெனில் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் முழு மதிப்பீடு செய்து தனித் திட்டம் வகுக்க வேண்டும். நடுத்தரமெனில் மருத்துவரைக் கலந்து, வாரம் இரு முறை எடை பார்த்து, ஒரு வாரத்தில் மீண்டும் மதிப்பிட வேண்டும். குறைவெனில் வழக்கமான எடைக் கண்காணிப்பும் வாராந்தர மறுமதிப்பீடும் போதும்.

தாய்ப்பால் முடிந்தவரை தொடரப்படும். நேரடியாகக் குடித்துக் களைத்துப்போகும் குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையால் புகட்டலாம். அதுவும் இயலாதபோது மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய் வைக்கப்படும். குழாய் வைத்தாலே குழந்தையின் நிலை மோசம் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. உறிஞ்சுவதில் செலவாகும் ஆற்றலை மிச்சப்படுத்தி வளர்ச்சிக்குத் தருவதே அக்குழாயின் வேலை. முன்னே கண்ட கணக்கின் இடைவெளியை நிரப்ப, பாலின் அளவைக் கூட்டாமல் அதன் ஆற்றலைக் கூட்டும் முறையும் உண்டு. இதை மருத்துவமனை மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் பால் மாவைத் தன்விருப்பப்படி கெட்டியாகக் கரைத்தால் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் தீங்கு வரலாம்.

மிகவும் மெலிந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே முழு அளவு உணவு தருவதும் ஆபத்து. அப்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை திடீரெனக் குறைந்து இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். எனவே படிப்படியாகவே உணவு கூட்டப்படுகிறது.

அறுவை சிகிச்சையும் எடையும்

எடை ஏறட்டும், பிறகு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று காத்திருப்பது முன்பு பரவலான வழக்கம். எடை ஏறாததற்குக் காரணமே இதயக் குறைதான் எனும்போது இக்காத்திருப்பு முடிவற்றதாகிவிடும். நுரையீரலுக்கு மிகை இரத்தம் பாயும் நோய்களில் தாமதம் நுரையீரல் இரத்தக் குழாய்களையும் நிலையாகக் கெடுக்கலாம். இன்று பல நிலையங்களில் ஏற்ற வயதில் குறையைச் சரிசெய்வதும், அதுவரை ஊட்டச்சத்தைத் தீவிரமாக மேம்படுத்துவதும் ஒன்றாகவே நடக்கின்றன.

அறுவைக்குப் பின்னும் மறுமதிப்பீடு தேவை. சிலருக்கு விழுங்குவதில் சிரமம், குரல்நாண் பாதிப்பு ஏற்படும். சிலருக்கு நிணநீர் மார்பறையில் கசிந்து கொழுப்பும் புரதமும் இழக்கப்படும். அவர்களுக்குக் கொழுப்பின் வகையை மாற்றிய சிறப்பு உணவு தரப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் பிறவி இதய நோயுள்ள குழந்தைகளுக்குச் சத்துக்குறைவு பரவலாக உள்ளது. கொச்சியில் ஒரு மருத்துவமனைக்கு வந்த இக்குழந்தைகளைப் பற்றி 2008 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களின் எடை −2 எல்லைக்குக் கீழே இருந்தது. குறையைச் சரிசெய்த பின் பலரின் எடை தெளிவாக உயர்ந்தது. ஆனால் எல்லாருக்கும் குறைபாடு முழுமையாக நீங்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்ததோடு ஊட்டச்சத்துக் கவனிப்பு முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரமத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள், அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் சென்று 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கின்றன. பிறவி இதய நோய், சத்துக்குறைவு இரண்டுமே அதன் பட்டியலில் உள்ளன. அங்கன்வாடியின் வளர்ச்சி வரைபடத்தில் கோடு தட்டையாகும் குழந்தைக்கு உணவுக் குறைவு மட்டுமே காரணம் என்று கொள்ளாமல், இதயத்தையும் பரிசோதிப்பது நல்லது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மருத்துவமனைக்குச் செல்லும்போது பின்வரும் செய்திகளைக் குறித்து எடுத்துச் சென்றால் இடர் கண்டறிதல் துல்லியமாகும்.

• பிறப்பு எடை, பின்னர் எடுத்த எடைகள், அவற்றின் தேதிகள். முதல் மூன்று மாதங்களில் நலமான குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் எடை ஏறும்.
• ஒரு வேளை பால் குடிக்க ஆகும் நேரம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது கவனிக்கத்தக்கது.
• குடிக்கும்போது வியர்த்தல், மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல்.
• வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைதல், கண் இமையிலோ காலிலோ வீக்கம்.
• இப்போது தரப்படும் மருந்துகளும் அவற்றின் அளவுகளும்.

மருத்துவமனையில் சேர்ந்த பின் குழந்தையின் எடை நாள்தோறும் குறிக்கப்படுகிறதா, சத்துணவு இடர் பார்க்கப்பட்டதா என்று செவிலியரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. சேர்ந்த நாளில் பார்க்கப்படாவிட்டாலும், கேட்ட நாளில் செய்யலாம். அதற்குத் தேவை ஒரு எடைக் கருவி, ஒரு நாடா, நான்கு கேள்விகள் மட்டுமே.